முட்டுக்கட்டையின் பிறந்தநாள்

ஆடி மாதத்தில் எந்த வீட்டிலிருந்தாவது ரவை வறுக்கிற வாசனை வந்தால் எனக்கு ஒரு பேக் ஞாபகத்துக்கு வருகிறார். தோளில் மாட்டுகிற பையைச் சொல்லவில்லை. கால்பந்தில் கோலுக்கு முன்னால் நிற்பாரே, அந்த பேக். இதை என் பேத்தியிடம் சொன்னேன். "பேக்குன்னா லூசுன்னுதானே பாட்டி அர்த்தம்?" என்று கேட்டாள். அவள் காலத்தில் அப்படி. எங்கள் காலத்தில் ராஜபாளையத்தில் ஒருவரை பேக் என்று சொன்னால் நாலு பேர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். நம் வயதுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறீர்கள் என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். யுத்தகாலத்தில் கரி பஸ்ஸில் ஏறி, மூக்கு கறுத்து இறங்கியவர்களுக்கு நான் சொல்வதில் பாதி முன்பே தெரிந்திருக்கும். மீதிப் பாதி எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய பிறந்தநாளைச் சொல்லத்தான் வந்தேன். அதற்குத் தேதி கிடையாது.

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் பூனையைத் தவிர எல்லாருக்கும் கோயில் பதிவில் பிறந்த தேதி இருந்தது. அதனால் பிறந்தநாள் என்றால் தேதி வேண்டும் என்று அப்பா நினைத்தார். பேக் ஆட்டத்தை விட்ட வருஷம், ஊர்க்காரர்கள் கூடி அவருக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று பேசி, பிறந்த தேதியைக் கேட்டார்களாம். அவர் முஸ்லிம். பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. "தேதியெல்லாம் தெரியாது மச்சான். தேரு நிலைக்கு வந்த அன்னைக்கு, வேட்டுச் சத்தம் கேக்கையில பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்" என்றாராம். அது போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆண்டாள் தேர் இப்போதெல்லாம் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குள் நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் அது நினைத்தால் நகரும், நினைத்தால் நிற்கும். மரச்சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால் நாள்கணக்கில் ஒரே முக்கில் நிற்கும். நாலு வீதியையும் சுற்றி எப்போது நிலைக்கு வரும் என்று கோயில்காரர்களே சொல்ல மாட்டார்கள். ஆகவே எங்கள் பேக்கின் பிறந்தநாள் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். ஆடிப்பூரம் வந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் கண்டக்டரை அப்பா வழிமறித்து, "தேரு எங்கப்பா நிக்கி?" என்று கேட்பார். "தெக்கு ரதவீதி முக்குல" என்று பதில் வந்தால் அம்மா ரவை டப்பாவைத் திரும்ப மூடிவைப்பாள்.

அப்பா வைத்திருந்தது காபி கிளப். ஊர்க் கால்பந்துக் கிளப்பும் அங்கேதான் கூடும். அப்பாதான் அதற்கும் செக்ரட்டரி. ரொம்ப நாள் வரைக்கும் இரண்டும் ஒரே கிளப் என்றுதான் நினைத்திருந்தேன். காபி குடிக்க வருகிற அத்தனை பேரும் சாயங்காலம் போய்ப் பந்து உதைப்பார்கள், உதைத்துவிட்டு மறுபடியும் காபி குடிக்க வருவார்கள், இதுதான் ஆண்பிள்ளைகளின் வேலை என்பது என் எண்ணம். அது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

எங்கள் கிளப்பில் எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்துக்காரரும் உட்கார்ந்து குடிக்கலாம். அதனாலேயே சிலர் குடிக்க மாட்டார்கள். ஆனால் பந்துப் பேச்சு ஆரம்பித்துவிட்டால் அவர்களும் வாசலில் நின்று, செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டு கேட்பார்கள். உள்ளே ஈரத் துணியும் டிகாக்ஷனும் சேர்ந்த வாசனை. சுவரில் டீமின் போட்டோ. கம்பெனி மைதானத்தில் எடுத்தது. பதினோரு பேரில் பத்துப் பேர் முகம் தெளிவாக இருக்கும். பதினோராவது ஆள் மட்டும் கடைசி நொடியில் அசைந்துவிட்டார். தோளுக்கு மேலே வெறும் புகை. ஒரு அடிகூட அசையாமல் நிற்பார் என்று பேர் எடுத்த மனிதர் அவர்தான். போட்டோக்காரனிடம் மட்டும் தோற்றுப்போனார்.

அவரை ஊர் முட்டுக்கட்டை என்று கூப்பிட்டது. தேர் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் சொருகுவார்களே, அது. மலை மாதிரி வருகிற தேர் அந்தக் கட்டையில் ஏறித் திமிறி நிற்கும். எதிராளி பந்தோடு பாய்ந்து வந்தால் இவர் போய்ச் சொருகிக்கொள்வாராம். அதற்கு மேல் பந்து போகாதாம்.

'ஆம்', 'ஆம்' என்று எழுதுகிறேன் பாருங்கள். நான் அவர் ஆடிப் பார்த்ததே இல்லை. எனக்கு விவரம் தெரிவதற்குள் அவருடைய முழங்கால் சிப்பி விலகி, அப்பா அவரை உட்கார வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் ஜட்கா வண்டி ஓட்டினார். கிளப்புக்கு எதிரே புளியமரத்தடியில்தான் வண்டி நிற்கும். தினமும் உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போவார். வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார். எனக்கு அவர் மாமா, நான் அவருக்கு மருமகள்.

அப்படியே அவர் ஆடிக்கொண்டிருந்தாலும் மைதானத்துக்கு என்னை விட்டிருக்க மாட்டார்கள். "பொட்டப்புள்ளைக்கு அங்க என்னட்டி சோலி? பந்து மூஞ்சில பட்டு மூக்கு ஒடைஞ்சா எவன் கட்டுவான்?" என்பாள் அம்மா. நான் ஆட்டம் கற்றுக்கொண்டது காபி டம்ளரில். எங்கள் தபால்காரர், கடிதக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, மேஜையில் டம்ளர்களை அடுக்குவார். கோணல் டம்ளர்கள் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் டீம். நேராக இருப்பவை நம் டீம். கோலுக்கு முன்னால் தண்ணீர்க் கூஜாவை வைப்பார். கூஜாதான் முட்டுக்கட்டை. "வாரான் பாரு, வாரான் பாரு, ஹாப் பேக்கத் தாண்டிட்டான், இன்னொருத்தனையும் தாண்டிட்டான்" என்று ஒரு கோணல் டம்ளரை ஓட்டிக்கொண்டு வந்து கூஜாவில் மோதுவார். டங் என்று சத்தம் கேட்கும். பஞ்சுத் தரகர் ஒருவர் உண்டு, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அந்த இடத்தில் தவறாமல் தொடையில் தட்டி, "ஒக்க அடுகு கூட கதல்லேது" என்பார். ஓர் அடிகூட நகரவில்லை என்று அர்த்தம். தெலுங்கில் எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் இன்று வரை அதுதான். அந்த நேரத்தில் யாராவது கூஜாவில் இருந்து தண்ணீர் ஊற்றப் போனால் அப்பா கையைத் தட்டிவிடுவார்.

அந்தக் கூஜா எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிளப்பை மூடிய பிறகு யார் வீட்டிலோ அது இருக்க வேண்டும். யாராவது வைத்திருந்தால் புளி போட்டுத் துலக்கி வையுங்கள்.

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரே ஆசை முற்றிப்போயிருந்தது. அவர் ஒரு பந்தை நிறுத்துவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பந்து போதும். மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். நாங்கள் அந்தச் சபை இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பிறந்தநாள் கூத்தைச் சொல்கிறேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று செய்தி கிடைத்ததும் அம்மா ரவையை வறுத்துக் கேசரி கிண்டுவாள். சாயங்காலம் கிளப்பில் எல்லாரும் கூடுவார்கள். மேஜையில் டம்ளர் ஏறும். பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஆடி முடிப்பார்கள். சில பேருக்குக் கண்ணே கலங்கிவிடும். எல்லாம் இருக்கும், பிறந்தநாள்காரர் மட்டும் இருக்க மாட்டார். அன்றைக்கு ஒரு நாள் வண்டியைக் கட்டிக்கொண்டு காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவார். எத்தனை தரம் கூப்பிட்டாலும் "பாக்கலாம்" என்பார், வர மாட்டார். உயிரோடு இருக்கிற மனிதருக்கு அவர் இல்லாமலே வருஷா வருஷம் பிறந்தநாள் கொண்டாடிய ஊர் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்கு அவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

"பேரு வாங்குன ஆளுக்கு அந்தத் தலைக்கனம் இருக்கத்தான் செய்யும். நாம போயிக் கால்ல விழணும்னு பாக்காரு" என்பார் தபால்காரர்.

"தலைக்கனமில்லப்பா. நான்தான அவர விளையாட வேண்டாம்னு உக்கார வச்சேன். அந்தக் கோவம் உள்ள கெடக்கு" என்பார் அப்பா. சொல்லிவிட்டு மேஜையைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பார்.

நான் சொல்கிற வருஷம், தேர் தெற்கு ரதவீதி முக்கில் மாட்டிக்கொண்டு, ரவை டப்பா திறந்தும் மூடியும் அம்மாவுக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் காலையில் முதல் பஸ் கண்டக்டர், "இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள நிலைக்கு வந்திரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். எதிரே மாமா குதிரைக்குப் புல் உதறிக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒங்க அத்தை வீட்டுக்குப் போகணும்னு சொன்னேல்ல. மாமா வண்டியில போ. சாயங்காலம் அதே வண்டியில வரணும். வரும்போது அவர நேரா இங்க கூட்டிட்டு வந்திரணும். எங்கிட்டன்னா வர மாட்டேம்பாரு. ஒங்கிட்ட அப்படிச் சொல்ல மாட்டாரு."

அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு பள்ளிக்கூட மைதானத்தை ஒட்டியது. நான் ரிப்பன் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். பெரிய மனிதர்கள் முடிக்காத காரியத்தை முடிக்க என்னை அனுப்புகிறார்கள் என்பதில் எனக்கு இருந்த பவுசு கொஞ்சநஞ்சமல்ல.

ஆடிக் காற்று வண்டிக் கூண்டுக்குள் புகுந்து அடித்தது. இடப்பக்கம் மலை. அய்யனார் கோவில் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் இங்கே வெயில். வைக்கோல் மேல் விரித்த சாக்கு முழங்காலில் குத்தியது. "முன்னால தள்ளி உக்காரு மருமவளே, பின்பாரம் அடிக்கி" என்றதோடு மாமா பேச்சை முடித்துக்கொண்டார். ஊர் தாண்டியதும் நான் ஆரம்பித்தேன்.

"மாமா, இன்னைக்கு ஒங்களுக்குப் பொறந்தநாளு. சாயங்காலம் கிளப்புக்கு வரணுமாம்."

"ம்."

"அம்மா கேசரி கிண்டுதாவ."

"ம்."

"அப்பா மேல கோவமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கென்ன கோவம்? அந்தக் கால வச்சிக்கிட்டு நான் நின்னிருந்தா கோல் விழுந்துக்கிட்டேதான் இருந்திருக்கும். மச்சான் செஞ்சது சரிதான்."

"பொறவு ஏன் வர மாட்டேங்கீய?"

சாட்டையைக் கூண்டு ஓரத்தில் சொருகிவிட்டுச் சொன்னார்.

"எங்கம்மாவுக்கு அந்தப் பேரு ஆகாது."

"எந்தப் பேரு?"

"நீங்கள்லாம் கூப்பிடுத பேருதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் ராஜபாளையம் டீமுக்கு ஆடியவர். பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரோடுதான் முக்கால்வாசி ஆட்டம். அவர் நின்று நின்று அவர்கள் தோற்றுப்போவார்கள். தோற்றவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் அவருடைய அம்மா வாசலில் நின்று, "ஒம்மவன் பொறந்த ஊருக்கே முட்டுக்கட்டையா வந்து நிக்கானே, நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மாவின் காதில் அந்தப் பேர் விழுந்தது அப்படித்தான், திட்டாக மட்டும். ராஜபாளையத்திலும் மகனை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சோறு தின்னாமல் அழுதிருக்கிறார்கள்.

"அது நல்ல பேருதாம்மா, பிரியமாத்தான் கூப்பிடுதாவன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். நம்பல. ஒரு மனுசனப் போயி எவனாவது பிரியமா முட்டுக்கட்டைம்பானாலேன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்ல? சரிம்மா, நீ பெத்த நாளுல மட்டும் அந்தப் பேரு எங்காதுல விழாது, அன்னைக்கு ஒங்கூடத்தான் இருப்பேன்னு சொல்லிட்டேன். மத்த நாளு யாரு கூப்பிட்டாலும் ஏன்னு கேப்பேன். இந்த ஒரு நாளு முடியாது, தாயி."

இத்தனை வருஷமும் அப்பா மேஜையைத் திரும்பத் திரும்பத் துடைத்தது எதற்கு என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா அழுதிருக்கிறாள், இந்தப் பக்கம் ஒருவர் தன்னையே நொந்திருக்கிறார். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே ஒரு பேர்தான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என் காரியம் கெட்டுப்போயிற்று என்பது மட்டும் தெரிந்தது.

சந்துக்குள் வண்டி போகாது. மாமா இறங்கிப் போய் அம்மாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். வெள்ளைத் துணியால் முக்காடு. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பால் நிறமாக இருந்தது. வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டித் துழாவி என் ரிப்பனைப் பிடித்தார்கள்.

"யாருலே இது, சின்னப்புள்ள வாசன அடிக்கி?"

"காபி கிளப்பு மச்சான் மக, அம்மா."

கை ரிப்பனை விட்டது. "அந்தப் பேரு வச்ச ஆளுகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள்.

வண்டியை வீதி முக்கில் ஓரமாக நிறுத்தினார் மாமா. கூட்டத்துக்கு மேலே தேரின் உச்சி மட்டும் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. கொட்டுச் சத்தம், வடம் இழுக்கிறவர்களின் கூச்சல், தூசி. எனக்குத் தலை எட்டவில்லை. மாமாவின் அம்மா, எனக்கு ஆச்சி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். "கட்ட போடப் போறாவ" என்றார்கள். ஒரு கத்தல் கேட்டது. அடித்தொண்டையில் இருந்து வருகிற மாதிரி 'திம்' என்று ஒரு சத்தம் தரை வழியாக வந்து வண்டிச் சட்டத்தில் ஏறியது. "நின்னிட்டு" என்றார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சந்தில் இருக்கிறவர்கள். பார்க்காமலே தேர் எங்கே வருகிறது, எப்போது நிற்கிறது எல்லாம் சொல்வார்கள். பிறகு வேட்டு வெடித்தது. ஆச்சி மகனுடைய முதுகைத் தடவிக் கொடுத்து, "இந்தா, இப்பப் பொறந்திட்ட" என்றார்கள். வருஷா வருஷம் நடப்பதாம் இது.

அதன் பிறகு திருமுக்குளத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டினார். அம்மாவுக்குச் சீனி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். என்னை அத்தை வீட்டில் விடுவதற்காக மிஷன் பள்ளிக்கூடத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினார். அப்போது பையன்கள் மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் பந்தில் கால் படுகிற சத்தம் கேட்டது. ஆச்சி மிட்டாயைக் கடிப்பதை நிறுத்தினார்கள்.

"இது என்ன சத்தம்?"

"பந்து, ஆச்சி. மாமா ஆடுனது இதத்தான்."

"இதத்தானா?" மிட்டாயை மடியில் வைத்தார்கள். பிறகு மகனைப் பார்த்தோ என்னைப் பார்த்தோ, எனக்குத் தெரியவில்லை, சொன்னார்கள். "அம்புட்டுப் பேரும் இவன் பேரச் சொல்லிக் கத்துவாவளாம். இவன் என்ன செஞ்சான்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்ல. திட்டுததுக்குத்தான் வாசல் வரைக்கும் வந்தாவ. கண்ணு இருக்கையில போயிப் பாக்கல. இனிம எங்க பாக்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த உலகத்தில் அவர் ஆடிப் பார்க்காத ஆள் நான் ஒருத்திதான் என்று எத்தனை தரம் அழுதிருக்கிறேன். பெற்றவளே பார்த்ததில்லை.

டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்து கயிற்றில் தொங்கியது. ஓடி வந்தார். முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் டீமில் முன்னால் ஆடியவர் அவர். எங்கள் மேஜையில் வளைந்து வளைந்து வருமே, மிகக் கோணலான டம்ளர், அதுதான் அவர்.

"அண்ணே, நீங்களா? உங்களால்தான் நான் ஆட்டத்தை விட்டு வாத்தியாரானேன்" என்றார். "பையங்களா, இங்க வாங்கடா. இவர் யார் தெரியுமா? இவர்தான் முட்டு..."

மாமா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். டிரில் மாஸ்டர் பாதியில் நிறுத்தி, கூண்டுக்குள் இருந்த அம்மாவைப் பார்த்து, ஏதோ விளங்கின மாதிரி தலையாட்டினார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

"ஒரே ஒரு பந்து, அண்ணே. நான் அடிக்கேன். நீங்க நில்லுங்க."

"காலு சரியில்ல சார்."

"எனக்கும்தான் தொப்பை வச்சிட்டு."

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நான் எதற்கு நேரம் கடத்த வேண்டும்? "போங்க மாமா. ஆச்சிக்கு நான் சொல்லுதேன்" என்றேன். எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். கிளப்பில் நான் கேட்ட ஆட்டம் எத்தனை.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்துக் கோலுக்கு முன்னால் போய் நின்றார். பையன்கள் ஒதுங்கினார்கள். நான் வண்டியின் பின்படியில் ஏறி நின்று ஆரம்பித்தேன். என் வாயில் தபால்காரர் பேசினார்.

"மாமா கூஜா எடத்துல நிக்காரு, ஆச்சி."

"கூஜாவா?"

"அது பொறவு சொல்லுதேன். டிரில் மாஸ்டர் பந்தோட வாரான் பாரு, வாரான் பாரு. காத்து அவரு பக்கம் அடிக்கி. எடப்பக்கம் ஒடிக்காரு, இல்ல, வலப்பக்கம். அடிச்சிட்டாரு."

மாமா திரும்பினார். அந்த முழங்கால் திரும்பவில்லை. பந்து அவருக்குப் பக்கத்தில் போய், கோலைத் தாண்டி, முள்வேலியில் மாட்டியது. பையன்களில் ஒருவன் சிரித்தான். எனக்கு வாயடைத்துப்போயிற்று. கூஜாவைத் தாண்டி ஒரு டம்ளர் போனதை நான் பார்த்ததில்லை.

"ஏன் தாயி நிப்பாட்டிட்ட? போயிருச்சா?"

"ஆமா, ஆச்சி."

"விழுந்தானா?"

"விழல."

"விழலன்னா என்ன? இன்னொரு தரம் போடச் சொல்லு" என்றார்கள், என்னமோ தோசை கேட்கிற மாதிரி. நான் கத்திச் சொன்னேன். டிரில் மாஸ்டர் முகம் சுண்டிப்போய் நின்றார். ஜெயித்தது அவருக்கே பிடிக்கவில்லை போலிருந்தது. மாமா தலைத்துண்டை அவிழ்த்து முழங்காலில் இறுக்கிக் கட்டினார். டிரில் மாஸ்டரைப் பார்த்து, "சும்மா அடிக்கக் கூடாது சார். அன்னைக்கு அடிப்பீயளே, அந்த அடி அடிக்கணும்" என்றார்.

மறுபடி வாரான் பாரு சொன்னேன். இந்தத் தடவை டிரில் மாஸ்டர் நிஜமாகவே வந்தார். தொப்பை குலுங்க, புழுதி கிளம்ப, வளைந்து வளைந்து வந்தார். மாமா திரும்பவில்லை, பாயவில்லை. இரண்டு அடி முன்னால் வந்து, நல்ல காலைக் குறுக்கே போட்டு, நின்றார். அவ்வளவுதான். பந்தும் மாஸ்டரும் சேர்ந்து போய் அவர் மேல் மோதினார்கள். 'திம்' என்று ஒரு சத்தம். மாஸ்டர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். பந்து மாமாவின் காலடியில் கிடந்தது.

"ஒக்க அடுகு கூட கதல்லேது" என்றேன் நான். என் தொடையில் நானே தட்டிக்கொண்டேன்.

ஆச்சிக்குத் தெலுங்கு தெரியாது. தேவைப்படவும் இல்லை. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தார்கள்.

"நின்னிட்டு" என்றார்கள்.

"ஆமா, ஆச்சி."

"இதுக்கா அந்தப் பேரு வச்சாவ?"

"இதுக்குத்தான்."

முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்தார்கள், கண்ணையும் துடைத்தார்கள். மாமா மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், "காலு வலிக்கா?" என்றார்கள். "இல்லம்மா" என்றார். பொய்தான், வண்டியில் ஏற இரண்டு தரம் முயன்றார். அவர் கடிவாளத்தை எடுத்த பிறகு ஆச்சி என் ரிப்பனைத் தேடிப் பிடித்து, "எங்கயோ கேசரி கிண்டுதாவன்னு காலையில எவளோ சொன்னாளாமே" என்றார்கள். குளத்தங்கரையில் மாமா எல்லாம் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆச்சியையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குத் திரும்பினோம். வழியெல்லாம் ஆச்சி ஆட்டம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஆட்டத்தை எல்லாம் சொன்னேன், தெரியாத ஆட்டத்தையும் சொன்னேன். மாமா ஒன்றிரண்டு இடத்தில், "அது கார்னர் இல்ல மருமவளே, பெனால்டி" என்று திருத்தினார். காபி ஆறுவது தெரியாமல் டம்ளர் அடுக்கிய அந்த மனிதர்களுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஒரு பெண்பிள்ளை மூலையில் நின்று கேட்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே எனக்கு அவ்வளவும் கொடுத்துவிட்டார்கள். ஒரு தாய்க்கு அவள் மகனைக் காட்டிக்கொடுக்க அந்த வார்த்தைகள்தான் உதவின.

ஊருக்குள் நுழையும்போது விளக்கு வைத்துச் செத்த நேரம் ஆகியிருந்தது. மாமா வண்டியைக் கிளப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி என் காதில் சொன்னார். "நீ ஓடிப் போயி அவியகிட்டச் சொல்லிரு. அம்மா இருக்கு. அந்தப் பேர யாரும் சொல்லிரப்படாது."

ஓடினேன். கிளப் நிறைய ஆள். மேஜையில் டம்ளர் ஏறியிருந்தது. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்: மாமா வாரார், அவர் அம்மாவும் வாராவ, பேர் சொல்லக் கூடாது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். தரகர் வருஷா வருஷம் வாங்கி வீணாகிற மாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். வண்டி வந்து வாசலில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒருவருக்கும் பேச வரவில்லை. அத்தனை வருஷமாக அவரை அந்த ஒரே பேரால் கூப்பிட்டுப் பழகியவர்கள். அவருடைய சொந்தப் பேர் என்ன என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தபால்காரருக்காவது தெரிய வேண்டும். மாமாவுக்குக் கடிதாசி வந்ததே இல்லை. தரகர் மாலையோடு முன்னால் வந்து, "நம்ம... நம்ம ஊரு... நம்ம மு..." என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா, "வாங்க மச்சான்" என்றார். அதற்கு மேல் என்ன பேர் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. வாசலில் அத்தனை ஆண்பிள்ளைகளும் கேசரி வாசனையில் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள்.

கூண்டுக்குள் இருந்து குரல் வந்தது.

"என்ன, எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீய? கத்துவாவன்னு சொல்லித்தான இந்தப் புள்ள என்னையக் கூட்டியாந்துச்சு?"

ஒருவரும் அசையவில்லை. முக்காடு போட்ட தலை வெளியே வந்தது. பால் நிறக் கண் இரண்டும் ஆள் இல்லாத பக்கமாகப் பார்த்தன. ஆச்சி ஒரு கையை நீட்டினார்கள்.

"ஏலே முட்டுக்கட்டை, என்னைய எறக்கி விடு. கேசரி ஆறுது."